கூப்பாட்டு டப்பாவைத் திரும்ப எடுத்துப் போனவர்களுக்கு

நெடிய உரைகள் நான்கையும் நெளியாமல் நிமிர்ந்திருந்து கேட்ட அவைத் தலைவர் அவர்களே! நாடாவை வெட்டிய கையோடு எங்கள் தராசுத் தட்டையும் தொட்டுப் பார்த்து, "இது ஒழுங்கா நிறுக்குமா?" என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்த சிறப்பு விருந்தினர் அவர்களே! ஓரத்து நாற்காலியே போதும் என்று அடம்பிடித்து அமர்ந்திருக்கும் வேளாண் அலுவலர் அவர்களே! மேட்டையும் பள்ளத்தையும் நிரவி நிரவித் தங்கள் முதுகை வளைத்துக்கொண்ட மூத்தோர்களே! களையெடுத்த கை காயும் முன்னே அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! தங்கைகளே, தம்பிமார்களே! தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் தலை தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கும் என் வரப்புப் பக்கத்து அண்ணனே! உங்கள் எல்லோருக்கும், இந்தச் சிறு விவசாயிகள் சங்கத்தின் செயலாளராகவும், ஒரு துண்டு நிலத்துக் கத்தரித் தோட்டக்காரியாகவும் தலை தாழ்ந்த வணக்கம்.

"அடுத்ததாக நன்றியுரை" என்று ஒலிபெருக்கி சொன்னதும் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. கடைசி வரிசையில் செருப்பைத் தேடுவது யார்? உட்காருங்கள் ஐயா. சாப்பாடு எங்கும் ஓடிவிடாது. சமையல்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் மேடை ஏறினேன். நான் இறங்கும்வரை அண்டாவின் மூடி திறக்காது. சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் உட்கார்ந்துகொண்டு சிரியுங்கள்.

நன்றியுரை என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். பந்தல் போட்டவருக்கு நன்றி, படம் எடுத்தவருக்கு நன்றி, பாய் விரித்தவருக்கு நன்றி. எல்லோருக்கும் நன்றி, மனதாரச் சொல்கிறேன். சிமெண்டுத் தளம் போட்ட கொத்தனாருக்கு நன்றி. தரம் பிரிக்கும் மேசைகளைச் செய்து, கால் ஆடாமல் நிற்கிறதா என்று தானே ஏறி நின்று பார்த்த தச்சருக்கு நன்றி. இந்தக் காய்கறிக் கூடத்துக்கு இடம் தந்த பெரியவருக்கு நன்றி. நிதி தந்தவர்களுக்கும், அதை வாங்கித் தந்தவர்களுக்கும் நன்றி.

ஆனால் அவையோரே, கூரை வேய்ந்தால் மட்டும் கூடம் நிறைந்துவிடுமா? தராசு வாங்கினால் மட்டும் தட்டு தாழ்ந்துவிடுமா? அந்தத் தட்டில் வைக்க நம்மிடம் ஒரு கூடைக் காய் வேண்டாமா? புழு இல்லாத காய் வேண்டாமா? அந்தக் காய் எப்படி வந்தது என்று இதுவரை பேசிய யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியும், வெட்கத்தில் சொல்லவில்லை! எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு. ஆகவே நான் சொல்கிறேன்.

நம் தோட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, மேட்டிலிருந்து ஓடைவரை படிப்படியாக இறங்குகின்றன. எல்லாமே கைக்குட்டை அளவு நிலங்கள். ஒருவர் தும்மினால் அடுத்த வரப்பில் இருப்பவர் முகம் துடைக்க வேண்டும். அந்த வரிசையில் கடைசி நிலம், ஓடையை ஒட்டிய பள்ளத்து நிலம், என்னுடையது.

என்னுடையது என்று வாய் சொல்கிறது. அன்றைக்கு அது என் கணவரின் அண்ணன் பேரில் இருந்த நிலம். என் கணவர் மூட்டையோடு சறுக்கி விழுந்து, இடுப்பு விட்டுப்போய், குனிய முடியாமல் ஆனவர். தொடர்ந்து இரண்டு போகம் கத்தரியில் புழு. பறித்த காயில் பாதிக்குமேல் ஓட்டை. மாட்டுக்குப் போட்டால் மாடுகூட என்னை ஒரு மாதிரி பார்த்தது. அப்போதுதான் அவருடைய அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். கெட்டவர் அல்லர். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"இதோ பாரும்மா, இந்த ஒரு போகமும் பாப்போம். இதுவும் போச்சுன்னா நிலத்தை நான் சேத்து உழுதுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு டவுன் பக்கம் போய் ஒரு வழியப் பாருங்க. எத்தனை நாளைக்கு மண்ணோட மல்லுக்கட்டுவீங்க?"

தலையாட்டிவிட்டு, அவருக்கு மோர் கொண்டுவர உள்ளே போனேன்.  

இந்த நேரத்தில்தான் நம் வேளாண் அலுவலர் வந்தார். "பூச்சி மேடம்" என்று நாம் அவருக்குப் பெயர் வைத்தது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறோம். தெரியும். பாருங்கள், சிரிக்கிறார்! பள்ளிக்கூடத்து வகுப்பறையில், சின்னப்பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க நம்மை உட்கார வைத்து, வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார். மேலே மூடி, நடுவில் ஒரு சின்ன ரப்பர் துண்டு, அடியில் தண்ணீர்த் தட்டு. அவர் சொன்னதைச் சொன்னபடி சொல்கிறேன்.

"இந்த ரப்பர்ல பெண் அந்துப்பூச்சியோட வாசனை இருக்கு. நமக்குத் தெரியாது, ஆண் பூச்சிக்குத் தெரியும். ஜோடி கூப்பிடுதுன்னு நெனச்சு வரும், தண்ணியில விழும். ஆண் இல்லைன்னா முட்டையும் இல்லை, புழுவும் இல்லை. உங்க நிலத்துக்கு நடுவுல கட்டுங்க."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார்! நம் காதில் என்ன விழுந்தது? இது பூச்சியைக் கூப்பிடும்! அவ்வளவுதான் விழுந்தது. தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். வருகிற பூச்சியை விரட்டவே வழியில்லாதவன், வராத பூச்சிக்கு வாசலில் நின்று வரவேற்பு கொடுப்பானா? பெயரே வைத்துவிட்டோம், கூப்பாட்டு டப்பா என்று.

அரசாங்கம் கொடுத்தது, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. சொன்ன மாதிரி கட்டவும் மனம் வராது. அப்போது நமக்கு ஒரு யோசனை வந்தது பாருங்கள்! டப்பாவை நடுவில் கட்டவில்லை. வரப்பில் கட்டினோம். எந்த வரப்பில்? அடுத்தவன் வரப்பில்! கூப்பிடுவது கூப்பிடட்டும், வருகிற விருந்தாளி அங்கே போகட்டும்!

யாரோ கை தட்டுகிறீர்கள். தட்டுகிற கையும் கட்டிய கைதான், ஞாபகம் இருக்கட்டும்.

மேட்டு நிலத்துக்காரர் தன் கீழ் வரப்பில் கட்டினார். கீழே இருந்தவர் அதைப் பார்த்தார். "நம்ம தலையிலயா?" என்று அதை அவிழ்த்து, தன்னுடையதையும் சேர்த்து, தன் கீழ் வரப்புக்குக் கொண்டுபோனார். அதற்கும் கீழே இருந்தவர் மூன்றையும் கொண்டுபோனார். எப்போது? அவரவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன நேரமாகப் பார்த்து! நம் ஊரில் அந்த நாட்களில் யாரும் நிம்மதியாக இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிடவில்லை. இப்படியே இறங்கி, இறங்கி, இறங்கி, அத்தனை டப்பாவும் எங்கே வந்து சேர்ந்தன? ஓடைக்கு அந்தப் பக்கம் நிலம் கிடையாது. என் தோட்டத்தைச் சுற்றி வந்து நின்றன!

இதில் இன்னொரு கூத்து. ஓசியில் வந்த டப்பா என்றாலும் அது நம் பொருள் அல்லவா? காணாமல் போனால்? ஆகவே ஒவ்வொருவரும் அடையாளம் வைத்திருந்தார்கள். ஒன்றில் சேலைக் கிழிசல். ஒன்றில் கரிக்கோடு. தையற்காரர் சிவப்பு நூல் சுற்றியிருந்தார். நம் தூணுக்குப் பின்னால் இருக்கும் அண்ணன், மண்வெட்டிப் பிடி, வாளி, ஏணி எல்லாவற்றிலும் பூசுகிற அதே நீல வண்ணத்தை டப்பாவிலும் பூசியிருந்தார். அடுத்தவன் தலையில் கட்டவும் வேண்டும், போகம் முடிந்ததும் திரும்பக் கிடைக்கவும் வேண்டும்! யார் யார் எனக்கு இந்தப் புண்ணியம் செய்தார்கள் என்று ஒரு சுற்று நடந்து வந்தாலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அதெல்லாம் எதுக்கும்மா இப்போ?" என்கிறார் அண்ணன். குரல் வந்துவிட்டது! தூண் பேசுகிறது அவையோரே!

இந்த அண்ணனை வெளியூர் விருந்தினர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். இவருக்கு ஊரில் எதிர்க்கட்சி என்று பெயர். இவர் எந்தத் தேர்தலிலும் நின்றவர் அல்லர். ஆனால் யார் எதைச் சொன்னாலும் எதிர்ப்பார். இன்றைக்கு வெயில் என்றால், "யாரு சொன்னா?" என்பார். இவர் கல்யாணத்தன்று சம்மதமா என்று கேட்டபோதும் முதலில் "எதுக்கு?" என்றுதான் கேட்டாராம். அண்ணி அதோ முன்வரிசையில் தலையாட்டுகிறார். ஆக, உண்மைதான்.

அந்தப் போகத்தில் என் செடிகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. ஒரு காலையில் பார்க்கிறேன், குருத்துகள் தலை தொங்கி நிற்கின்றன. ஒன்றா இரண்டா? வரிசை வரிசையாக. குருத்தைப் பிளந்தால் உள்ளே புழு. இதுதான் தொடக்கம், பிறகு காய்க்குள் போகும் என்று எனக்குத் தெரியும். என் கணவர் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்தபடி, "டவுன்ல காவல் வேலைன்னா உக்காந்துகிட்டே பாக்கலாமாமே" என்றார். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உட்கார்ந்து பார்க்கும் வேலையைப் பற்றிப் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

அதே காலையில் பூச்சி மேடம் வந்தார். என் தோட்டத்தைச் சுற்றித் தோரணம்போலத் தொங்கிய டப்பாக்களைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டார். வரப்பிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அழுகிறேன், அவர் சிரிக்கிறார்! பிறகு தொங்கிய குருத்துகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அக்கா, டப்பா உங்களுக்குக் கெடுதல் பண்ணலை. தட்டுல பாருங்க, எவ்வளவு விழுந்திருக்கு. ஆனா மேல இருக்கிற நிலத்துல ஒண்ணுகூட இல்லை. அங்கயே ஜோடி சேர்ந்த பெண் பூச்சி இங்க பறந்து வந்து முட்டை போடுது. எல்லாரும் அவங்கவங்க நடு நிலத்துல கட்டினாத்தான் இது அடங்கும். இப்பவே இந்தக் குருத்தையெல்லாம் கிள்ளிப் புதைக்கணும். தள்ளிப்போட்டா காயைக் காப்பாத்த முடியாது."

எனக்கு வந்ததே கோபம்! நீலவண்ண டப்பாவை அவிழ்த்தேன். தண்ணீர் தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு நேரே எதிர்க்கட்சி அண்ணன் வீட்டு முற்றத்துக்குப் போனேன். அவர் காலடியில் வைத்து மூடியைத் திறந்தேன்.

"இது யாருது?"

"என்னுது மாதிரிதான் இருக்கு."

"உள்ள இருக்கிறது யாருது?"

அவர் குனிந்து பார்த்தார். தண்ணீர் தெரியாத அளவுக்குச் செத்த பூச்சி. "யாரு சொன்னா?" என்று கேட்க வாய் எடுத்தார். அதற்குள் வாசலுக்கு வந்த அண்ணி பார்த்துவிட்டார். அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இத்தனையும் நம்ம நிலத்துலயே விழுந்து செத்திருக்க வேண்டிய பூச்சியா? நம்ம வீட்டைக் கூட்டுற விளக்குமாத்தை அவ வீட்டுல கொண்டுபோய் வச்சுட்டு, வீடு ஏன் குப்பையா இருக்குன்னு தெனமும் என்னைக் கேட்டீங்களே!"

 நான் பார்த்து அண்ணன் எதிர்க்காமல் நின்றது அதுதான் முதல் முறை. துண்டை உதறித் தோளில் போட்டார். டப்பாவை எடுத்தார். தன் நிலத்துக்கு நடுவில் போய்க் குச்சி நட்டுக் கட்டினார். கட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பவில்லை. மேட்டைப் பார்த்து நடந்தார். வீடு வீடாக ஏறினார். "உங்க டப்பா கீழே கிடக்கு. போய் எடுத்துட்டு வந்து நடுவுல கட்டுங்க" என்றார்.

இப்போது யோசித்துப் பாருங்கள் பெரியோர்களே! வகுப்பறையில் படம் போட்டுச் சொன்னபோது நாம் நம்பினோமா? அச்சடித்துக் கொடுத்தபோது நம்பினோமா? வெயிலையே ஒப்புக்கொள்ளாத மனிதன் வீடேறி வந்து, "அந்த மேடம் சொன்னது சரி" என்றானே! அவ்வளவுதான். ஊர் அப்படியே நின்றுவிட்டது. எதிர்க்கட்சியே ஆதரித்துவிட்டால் அந்தத் திட்டத்தை இனி எவன் தடுப்பான்?

மறுநாள் விடிந்தது. அந்தக் காலையை நான் எந்த வார்த்தையில் சொல்வேன்? மேட்டிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஒருவர் பின்னால் ஒருவராக, ஒற்றை வரப்பில், யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் வந்தார்கள். வந்து, அவரவர் அடையாளத்தைத் தேடினார்கள். சேலைக் கிழிசல் கட்டியவர் அதை எடுத்தார். கரிக்கோடு போட்டவர் அதை எடுத்தார். தையற்காரர் சிவப்பு நூலைத் தடவிப் பார்த்துவிட்டு, "காத்து அடிச்சுக் கீழ வந்திருக்கும் போல" என்றார். டப்பா என்ன காற்றாடியா ஐயா, ஓடைவரை பறந்து வர? கைக்குழந்தையை வாங்குகிற மாதிரி, தண்ணீர் சிந்தாமல், இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துக்கொண்டு மேடேறிப் போனார்கள்.

போனவர்கள் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கத்தரிக்கோலும் கோணிப்பையுமாகத் திரும்பி வந்தார்கள்! அவரவர் தோட்டத்து வேலை அப்படியே கிடக்க, என் தோட்டத்தில் இறங்கினார்கள். தொங்கிய குருத்துகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பையில் போட்டார்கள். "எதுக்குண்ணே, உங்க வேலையைப் பாருங்க" என்று எதிர்க்கட்சி அண்ணனிடம் சொன்னேன். நிமிராமலே சொன்னார்:

"எங்க நிலத்துல இருந்து வந்த பூச்சிதானே. எங்க பூச்சியை நாங்க பொறுக்குறோம். உனக்கு என்ன வந்துச்சு?"

நன்றி சொல்ல விடாமல் சண்டைக்கு இழுத்த மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் கணவர் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு பையாக வாங்கி வாய் கட்டினார். ஓடைக்கரையில் குழி வெட்டிப் புதைத்தோம். அன்று மாலை அவர் டவுனைப் பற்றிப் பேசவில்லை. நாளைக்கு எந்த வரிசையில் தொடங்கலாம் என்று பேசினார்.

பிறகு நாள்தோறும் அவரவர் நிலத்தில் குருத்துக் கிள்ளினோம். வாரம் தவறாமல் தட்டில் தண்ணீர் மாற்றினோம். ஒருவர் மறந்தால் அடுத்தவர் வரப்பில் நின்று சத்தம் போட்டோம். முன்பு வரப்புக்காகப் போட்ட அதே சத்தம்தான், அதே வசவுதான். விஷயம் மட்டும் மாறியிருந்தது! மெல்ல மெல்லப் புதுக் குருத்து வந்தது. ஊதாப் பூ வந்தது. பூவுக்குப் பின்னால் காய் வந்தது. ஓட்டை இல்லாத காய், கை பட்டால் வழுக்குகிற காய்! எல்லார் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் இத்தனை நல்ல காயா என்று வண்டி தேடி வந்தது. கொட்டி வைக்க நிழல் வேண்டும், தரம் பிரிக்க மேசை வேண்டும், நிறுக்கத் தராசு வேண்டும் என்று கூடினோம். அந்தக் கூட்டம்தான் சங்கமானது. அந்தச் சங்கம்தான் இன்றைக்கு இந்தக் கூடத்துக்குள் நம்மை உட்கார வைத்திருக்கிறது.

வளர்ச்சி, வளர்ச்சி என்று பெரிய ஊர்களில் பெரிய மண்டபங்களில் பேசுகிறார்கள். பேசட்டும், வாழ்க. விதை வரட்டும், கருவி வரட்டும், கடன் வரட்டும், கற்றவர்கள் வரட்டும். எல்லாம் வேண்டும் நமக்கு. ஆனால் கைக்குட்டை அளவு நிலம் வைத்திருப்பவன் தனியாக வளர முடியுமா? என் செடியை மட்டும் நான் காப்பாற்ற முடியுமா? பூச்சிக்கு வரப்பு தெரியுமா? பட்டா தெரியுமா? பங்காளிச் சண்டை தெரியுமா? அது பாட்டுக்குப் பறக்கிறது. நாம் அல்லவா வரப்பைக் கடந்து நடக்க வேண்டும்? நடந்தீர்களே! டப்பாவை ஏந்திக்கொண்டு மேடேறி நடந்தீர்களே! அந்த நடைக்கு நன்றி! திரும்பி வந்த காலுக்கு நன்றி! குருத்தைக் கிள்ளிய கைக்கு நன்றி! சிரித்துச் சிரித்துச் சொல்லிக் கொடுத்த எங்கள் பூச்சி மேடத்துக்கு நன்றி! முற்றத்தில் நின்று உண்மையைப் போட்டு உடைத்த அண்ணிக்கு நன்றி! எதிர்ப்பதையே தொழிலாக வைத்திருந்து, ஆதரிக்க வேண்டிய அன்று ஊரையே ஆதரிக்க வைத்த என் அண்ணனுக்கு, தூணையும் தாண்டிக் கேட்கும்படி சொல்கிறேன், நன்றி! நன்றி! நன்றி!

அண்ணன், "கை தட்டாதீங்க" என்கிறார். தட்டுங்கள்! எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்கிறோம்.

இன்னும் ஒரே ஒருவருக்குச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். முதல் பெரிய பறிப்பு அன்று மாமா வந்தார். சொன்ன சொல் சொன்னபடி, போகத்தைப் பார்க்க வந்தார்.   ஒரு வரிசை முழுக்க நடந்தார். ஒரு காயைப் பறித்தார். நகத்தால் கீறினார். உள்ளே வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. இன்னொன்றைக் கீறினார். மூன்றாவதைக் கீறப் போனபோது என் கணவர், "அண்ணே, விக்கிறதுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றார். மாமா சிரித்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கூடை எங்க?" என்றார். எங்களோடு நின்று கடைசி வரிசைவரை பறித்தார். கூடையைத் தலைக்கு ஏற்றும்போது, போகிற போக்கில், ரொம்பச் சாதாரணமாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அடுத்த போகத்துக்கு என்ன போடப் போற?"

அவையோரே, அவர் நிலம் உனக்குத்தான் என்று சொல்லவில்லை. இனிமேல் டவுனுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த போகத்துக்கு என்ன போடப் போகிறாய் என்று கேட்டார். அடுத்த போகம் எனக்கு இருக்கிறது! கூடையைச் சுமந்துகொண்டு அவர் வரப்பேறிப் போய்விட்டார். நான் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மாமா, முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நிமிருங்கள். அந்த ஒரு கேள்விக்கு இத்தனை பேர் முன்னால் உங்களுக்கு நன்றி.

மண்ணை நம்பி மனிதரையும் நம்பத் தொடங்கிய என் மக்களே! இதுவரை என் பேச்சைப் பொறுத்த செவிகளுக்கும், இனிமேல் பொறுக்க முடியாது என்று சொல்லும் வயிறுகளுக்கும் என் வணக்கம். அண்டாவைத் திறக்கச் சொல்லிவிட்டேன். பந்தியில் உட்காரும்போது பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும், வரப்புத் தகராறு உள்ளவராகவே இருந்தாலும், அவரைப் பார்த்து எனக்காக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அடுத்த போகத்துக்கு என்ன போடப் போறீங்க?